மீட்டர்காரரும் காணாமல் போன மாத்திரைகளும்

ஒரு திங்கட்கிழமை காலை, முதல் நோயாளி வருவதற்கு முன்பே டாக்டர் எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். உள்ளே போனதும் கதவைச் சாத்தினார். அந்த கிளினிக்கில் நான் ஒன்பது வருடமாக வேலை பார்த்துவந்தேன். எங்களை உள்ளே வைத்துக்கொண்டு அவர் கதவைச் சாத்தியது அதுதான் முதல் தடவை.

"தூக்க மாத்திரை ரெண்டு பெட்டியக் காணோம்," என்றார். "போன மாசமும் ஒண்ணு போச்சு. சப்ளையர்தான் குறைச்சு அனுப்பிட்டான்னு நெனச்சு விட்டுட்டேன். இது அப்படி இல்ல."

அந்த மாத்திரைகளுக்கு அவர் அறையிலேயே தனி அலமாரி, தனிப் பூட்டு. சாவி டாக்டரின் மேசை இழுப்பறையில் கிடக்கும். இழுப்பறைக்குப் பூட்டு இல்லை. கிளினிக்கில் இருப்பது மூன்றே பேர். அதிகாரிகள் சோதனைக்கு வந்து கேட்டால் அவருடைய லைசென்ஸே போய்விடும் என்பது எங்களுக்கும் தெரியும்.

"யார்னு நான் கேக்கல. எடுத்தவங்க திரும்ப வச்சிடுங்க. அவ்வளவுதான்."

சொல்லும்போது எங்கள் இருவர் முகத்தையும் அவர் பார்க்கவில்லை. சன்னலுக்கு வெளியே, சந்தின் எதிர்ப்பக்கத்தில் பூ கட்டுகிற கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

என்னுடன் வேலை பார்த்தவள் ஜொகூர்க்காரி. முப்பத்தைந்து வயதிருக்கும். தினமும் விடியுமுன் எல்லைப் பாலம் தாண்டி இந்த நாட்டுக்கு வந்து, சாயங்காலம் பாலம் தாண்டிப் போவாள். ஒரு மகள், கணவன் இல்லை. வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. மதியம் இருவரும் ஒன்றாகச் சாப்பிடுவோம். அவள் கொண்டுவரும் மிளகாய்ச் சம்பாலில் பாதி எனக்குத்தான். அன்று அவள் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். நானும் கூப்பிடவில்லை. அவள் மனதில் என்ன ஓடியது என்று இப்போது ஊகிக்க முடிகிறது. இவள்தான் எடுத்திருப்பாளோ என்று அவளும் என்னைப் பற்றி நினைத்திருப்பாள்.

டாக்டருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. அவருடைய அறையில் மருத்துவப் புத்தகங்களுக்கு மேல்தட்டில் ஆங்கிலத் துப்பறியும் நாவல்கள் ஒரே வரிசையாக இருக்கும். பதினொரு புத்தகம், எல்லாமே ஒரே தொடர். இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர். அங்கே வீடு வீடாகப் போய் கேஸ் மீட்டர் பார்த்து எழுதுகிற ஓர் ஆள். நாயைக் கண்டால் நடுங்குவார், ரத்தத்தைக் கண்டால் மயங்கி விழுவார். ஆனால் மீட்டர் பார்க்க இவர் எந்த வீட்டு நிலவறைக்குள் இறங்கினாலும் அங்கே ஒரு பிணம் கிடக்கும். போலீஸ்காரர் முதலில் இவரைத்தான் பிடிப்பார். தப்பிப்பதற்காகவே இவர் துப்பறிய ஆரம்பிப்பார். தப்பான ஆளைச் சந்தேகப்பட்டு, தப்பான வீட்டுத் தோட்டத்துக்குள் குதித்து, பின்னாலேயே நாய் துரத்த ஓடி, அந்த ஓட்டத்திலேயே உண்மையான கொலைகாரன்மேல் போய் மோதுவார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் டாக்டர் முதல் புத்தகத்தைக் கொடுத்தார். "ரயில்ல போன் பாக்கறதுக்குப் பதிலா இதைப் படிங்க." என் வீடு இருக்கும் பொங்கோலிலிருந்து கிளினிக் இருக்கும் லிட்டில் இந்தியா வரை நேர் ரயில். முதல் பத்துப் பக்கத்திலேயே நான் வாய்விட்டுச் சிரித்ததில், பக்கத்தில் நின்ற சீனப் பெண்மணி நகர்ந்துகொண்டார். அதிலிருந்து எங்களுக்குள் ஒரு ஆட்டம். நான் பாதிப் புத்தகம் முடித்ததும் மூன்று மணித் தேநீர் நேரத்தில் டாக்டர் கேட்பார், "யாரு கொன்னது?" நான் ஒரு பெயரைச் சொல்வேன். முதல் சுற்றில் ஒரு தடவைகூடச் சரியாகச் சொன்னதில்லை. மேசையைத் தட்டிச் சிரிப்பார். பதினொன்றும் முடிந்த பிறகு முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தோம். ஒன்பது வருடத்தில் இரண்டாம் சுற்றும் முடிந்து மூன்றாம் சுற்று ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் தடவையும் நான் தப்பாகச் சொன்ன புத்தகங்கள் உண்டு.

இவ்வளவு படித்தவளுக்கு புத்தி எப்படிப் போகும்? மாத்திரை போன அந்த வாரம், யார் என்று நானே கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

கவனிக்க ஆரம்பித்தால் எல்லாமே சந்தேகமாகத்தான் தெரியும். அவளுடைய கைப்பை ஏன் அவ்வளவு பெரியது? அதை ஏன் லாக்கரில் வைக்காமல் காலடியிலேயே வைத்துக்கொள்கிறாள்? புதனும் வெள்ளியும் சாப்பாட்டு நேரத்தில் வெளியே போகிறாளே, எங்கே? முன்பு ஒரு தடவை கேட்டதற்கு "சும்மா நடந்துட்டு வரேன் அக்கா" என்றிருந்தாள். எங்கள் தேக்காப் பகுதியின் ஒரு மணி வெயிலில் யார் சும்மா நடப்பார்கள்?

புதன்கிழமை நான் அவள் பின்னால் போனேன்.

சந்தைத் தாண்டி, பூக்கடைகளைத் தாண்டி, பெரிய சாலையின் சிக்னலில் நின்றாள். நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். பச்சை விளக்கு எரிந்ததும் வேகமாகக் கடந்தாள். அடுத்த தெருவில் ஒரு பழைய கடைவீட்டின் பக்கத்துப் படிக்கட்டில் ஏறினாள். ஏறும்முன் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். நான் சட்டென்று பக்கத்துக் காய்கறிக் கடைக்குள் தலையை நுழைத்தேன்.

"என்ன வேணும்கா?" என்றார் கடைக்காரர்.

எதிரில் பாகற்காய் இருந்தது. "இது."

"எவ்வளவு?"

"போடுங்க, போடுங்க." என் கண் படிக்கட்டில் இருந்தது. அவர் ஒரு கூடை நிறையப் போட்டுவிட்டார். நாற்பது நிமிடம், கையில் ஒரு பெரிய பை பாகற்காயோடு, அந்தப் படிக்கட்டுக்கு எதிரே நின்றேன். என் வீட்டில் யாரும் பாகற்காய் சாப்பிடுவதில்லை. அந்த நேரம் அது எனக்குச் சிரிப்பாகத் தோன்றவே இல்லை. மேலே யார் இருக்கிறார்கள், மாத்திரையை யாருக்கு விற்கிறாள் என்பதே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் இறங்கி வந்தபோது ஒரு பெண்ணும் கூடவே இறங்கினாள். இருவரும் ஒரு வார்த்தை பேசிப் பிரிந்தார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அன்று சாயங்காலம் டாக்டரின் மனைவிக்கு போன் செய்தேன். கிளினிக்கின் நிர்வாகம் அவர் கையில். பார்த்ததைச் சொன்னேன். பாராததையும் சேர்த்துத்தான் சொன்னேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். "ஏதோ கைமாத்தின மாதிரி இருந்திச்சு மேடம்" என்றேன்.

"சரி. நான் பாத்துக்கறேன்," என்றார்.

வெள்ளிக்கிழமை காலை மேடம் வந்தார். எங்கள் இருவரையும் மருந்து கொடுக்கும் அறைக்குள் கூப்பிட்டு, அவளிடம் பையைத் திறந்து மேசைமேல் கொட்டச் சொன்னார். அவள் மெதுவாகக் கொட்டினாள். இரண்டு நூல்கண்டு, சின்னக் கத்தரிக்கோல், பவுடர் டப்பா, கைக்கண்ணாடி, ஒரு துண்டு, சாப்பாட்டு டப்பா. மாத்திரை ஒன்றும் இல்லை.

"என்ன இது?"

"புருவம் எடுக்கற நூல் மேடம்." குரல் தாழ்ந்துவிட்டது. "மேல ஒரு பியூட்டி பார்லர். வாரத்துல ரெண்டு நாள் ஒரு மணி நேரம் போறேன்."

"வொர்க் பெர்மிட்ல இருந்துக்கிட்டு இன்னொரு எடத்துல வேலையா? புடிச்சா என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"அப்ப மாத்திரை?"

"சத்தியமா நான் எடுக்கல மேடம். மகமேல சத்தியமா எடுக்கல."

மேடம் அவளை நம்பவில்லை. ஒரு இடத்தில் விதியை மீறுகிறவள் இன்னொரு இடத்தில் மீற மாட்டாளா என்றார். போலீசுக்குப் போகவில்லை, பெர்மிட்டை மட்டும் ரத்து செய்துவிடுகிறேன், திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்றார். அவள் பொருள்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் எடுத்துவைத்தாள். நூல்கண்டு ஒன்று உருண்டு என் காலடிக்கு வந்தது. எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நீங்களா அக்கா?"

நான் மருந்துத் தட்டுகளின் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதுவே பதிலாகிவிட்டது.

அடுத்த வாரம் தனியாகவே கவுண்டரையும் மருந்தையும் பார்த்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை காலை அலமாரியைத் திறந்தால், புதிதாக வந்து முந்தின நாள்தான் நான் அடுக்கிய பெட்டிகளில் ஒன்று இல்லை.

இரண்டு முறை பார்த்தேன். கீழே குனிந்து பார்த்தேன். அவள் போய்விட்டாள். இனி இங்கே இருப்பது நானும் டாக்டரும்தான். யாரைச் சந்தேகப்படுவார்கள்? சொல்லாமல் இருந்தால் குற்றம். சொன்னால், நான் எடுத்துவிட்டு அவளை மாட்டிவிட்டேன் என்றாகும். சொல்லத்தான் செய்தேன். மேடம் போனில் "ஓ. அப்படியா?" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டார். அந்த இரண்டு நாளும் நான் வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. என் கணவர் கேட்டதற்குத் தலைவலி என்றேன்.

வியாழக்கிழமை மூன்று மணிக்குத் தேநீர் கொண்டுபோனேன். டாக்டர் பதினொன்றாவது புத்தகத்தை மடியில் விரித்து வைத்திருந்தார்.

"இதுல யாரும்மா கொன்னது?"

வழக்கமான ஆட்டம் என்று நினைத்து, தேவாலயத்தில் பாடுகிற அந்தக் கிழவியின் பெயரைச் சொன்னேன். வேண்டுமென்றே தப்பாகத்தான் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று காத்திருந்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "அப்படியா? அந்தம்மாவா?" என்று கேட்டுவிட்டு, உண்மையிலேயே ஆச்சரியப்பட்டவர்போலப் பக்கத்தைத் திருப்பினார்.

அந்தப் புத்தகத்தில் கிழவிதான் செத்துப்போகிறவள். ஒவ்வொரு வரியையும் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய மனிதர் இவர். தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரே நோயாளியிடம் அவர் ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்டது நினைவுக்கு வந்தது. தோ பாயோவிலிருந்து வழக்கமாக வரும் ஓர் அம்மாவிடம் புதிதாக வருகிறவரிடம் பேசுவதுபோலப் பேசியதும் வந்தது. வயதாகிறது, களைப்பு என்று நான் தாண்டிப் போன விஷயங்கள்.

அதற்கு மேல் நான் எதையும் தேடவில்லை. அது தானாக என் முன் வந்து நின்றது. தேநீர்க் கோப்பையை எடுக்க மறுபடி போனபோது கதவு கொஞ்சம் திறந்திருந்தது. டாக்டர் அலமாரியைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்தார். சுற்றிப் பார்த்தார். மேல்தட்டிலிருந்த நாவல்களில் இரண்டை முன்னால் இழுத்து, பின்னால் இருந்த இடைவெளியில் பெட்டியை வைத்து, புத்தகங்களைப் பழையபடி தள்ளினார். முதுகுகள் ஒரே வரிசையில் இருக்கிறதா என்று விரலால் தடவிச் சரிபார்த்தார்.

"இங்க வச்சா எவனும் எடுக்க முடியாது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

திருட்டுப் போகிறதே என்று பயந்து ஒளித்துவைத்திருக்கிறார். ஒளித்ததை மறந்திருக்கிறார். மறந்ததால் இன்னொன்று காணாமல் போயிருக்கிறது. அதனால் இன்னும் ஒளித்திருக்கிறார்.

நான் கவுண்டருக்குத் திரும்பினேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. மேடத்துக்கு போன் செய்யலாம் என்று போனை எடுத்து, வைத்துவிட்டேன். ஒருமுறை அப்படிச் செய்துதான் ஒருத்தியின் பிழைப்பைக் கெடுத்தேன். அதற்குள் நான்கு மணி நோயாளிகள் வர ஆரம்பித்துவிட்டார்கள். மூன்றாவதாக வந்தவர் ஜூரோங் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவர். தொண்டைப் புண். டாக்டர் எழுதிய மருந்தை எடுத்துப் பையில் போட்டு, அவர் பெயரைக் கூப்பிட வாயைத் திறந்தபோதுதான் அவருடைய அட்டையில் இருந்த சிவப்பு ஸ்டிக்கரைப் பார்த்தேன். பென்சிலின் ஒத்துக்கொள்ளாது. அந்த ஸ்டிக்கரை ஒட்டச் சொன்னதே டாக்டர்தான். என் கையில் இருந்தது பென்சிலின் வகை மாத்திரை.

பையை அப்படியே மேசைக்கடியில் வைத்தேன். "கொஞ்சம் இருங்க அண்ணே, ஒரு மருந்து தேடணும்," என்றேன். உள்ளே போய் என் பின்னால் கதவைச் சாத்தினேன்.

"டாக்டர், இந்தப் பேஷண்டுக்கு பென்சிலின் சேராது. மருந்து மாத்தணும்."

அட்டையை வாங்கிப் பார்த்தார். முகம் வெளுத்தது. வேறு மருந்து எழுதினார். நான் அதைக் கொடுத்து அந்த மனிதரை அனுப்பிவிட்டு, வாசலில் 'மூடப்பட்டுள்ளது' என்ற பலகையைத் திருப்பினேன். உட்கார்ந்திருந்த இரண்டு பேரிடம் மன்னிப்புக் கேட்டு நாளைக்கு வரச் சொன்னேன். திரும்பி அவரிடம் போனேன்.

"காணாமப் போன மாத்திரை கிடைச்சிருச்சு டாக்டர்."

"எங்க?"

புத்தகங்களை எடுத்துக் கீழே வைத்தேன். பின்னால் ஐந்து பெட்டிகளும் இருந்தன. அவருடைய பழைய மூக்குக்கண்ணாடி ஒன்றும் இருந்தது.

"யார் வச்சது?"

"நீங்கதான்."

எழுந்து நின்றார். அவ்வளவு கோபமாக அவரைப் பார்த்ததே இல்லை. "என்னம்மா சொல்றீங்க? நீங்களே வச்சிட்டு எம்மேல போடறீங்களா? அந்தப் புள்ளையையும் நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னது நான்தான். "அவள நான் தப்பா சொன்னேன் டாக்டர். இது என் கண்ணால பாத்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால."

அவர் நின்றுகொண்டே இருந்தார். கீழே கிடந்த புத்தகங்களில் ஒன்று பின்னட்டை திறந்து விழுந்திருந்தது. நான் கவனித்தே இராத உள்பக்கத்தில் பென்சிலில் அவர் கையெழுத்து: 'கொன்றது தபால்காரர் மனைவி.' நான் அடுத்ததைத் திறந்தேன். அதிலும் ஒரு பெயர். பத்துப் புத்தகத்திலும் இருந்தது. பதினொன்றாவதில் மட்டும் இல்லை.

"எப்ப எழுதினீங்க?"

உட்கார்ந்தார். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. "போன வருசம். உங்ககிட்ட கேக்கும்போது எனக்கு விடை தெரியணும்ல?" என்றார். "பேரு நழுவுதுன்னு தெரிஞ்சிச்சு. புத்தகம்தானே, பரவால்லன்னு நெனச்சேன்."

நிமிர்ந்து கேட்டார். "இன்னைக்கு எத்தன பேரப் பாத்தேன்?"

"பத்தொம்பது பேர்."

"எல்லா அட்டையும் எடுத்துட்டு வாங்க. ஒண்ணு விடாம பாத்துருவோம். அப்புறம் இந்த வாரம் பூரா வந்தவங்களது."

ஆறு மணி வரை பார்த்தோம். அவர் நோயைப் படிப்பார், நான் மருந்தைப் படிப்பேன், அவர் சரி என்பார். ஒவ்வொரு சரிக்கும் நான் மூச்சு விட்டேன். ஒரு சர்க்கரை நோயாளிக்கு அளவு இரண்டு மடங்காக எழுதியிருந்தார். போன் செய்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாவது முறை அவருடைய மருமகள் எடுத்து, மாமா இன்னும் சாப்பிடவில்லை, இனிமேல்தான் மாத்திரை போடுவார் என்றாள். டாக்டர் போனை வாங்கி, தானே பேசி அளவைத் திருத்தினார். தவறு என்னுடையது என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். மற்ற எல்லாம் சரியாக இருந்தன.

கடைசி அட்டை முடிந்ததும் மனைவிக்கு போன் செய்தார். "நீ வா. வீட்டுக்குப் போறதுக்கு முன்னால உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றார். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அந்த கிளினிக் அதன் பிறகு திறக்கவில்லை. நோயாளிகளைப் பக்கத்துத் தெருவில் இன்னொரு டாக்டர் ஏற்றுக்கொண்டார். எனக்கு தோ பாயோவில் ஒரு பல் கிளினிக்கில் வேலை கிடைத்தது. மேடம் ஜொகூர்க்காரிக்கு போன் செய்து மன்னிப்புக் கேட்டாராம். வேறு இடத்தில் வேலைக்குச் சொல்லிவிடுகிறேன் என்றாராம். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். நான் அனுப்பிய மெசேஜ்களை அவள் பார்த்தாள் என்பதற்கு நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் பாலம் தாண்டிப் போனேன். மேடம் கொடுத்த முகவரியில், ஜொகூரில் ஒரு கடைவரிசையில், அவள் சின்னதாகத் தனி பார்லர் வைத்திருந்தாள். கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் நாற்காலியில் சாய்ந்திருந்த ஒரு பெண்ணின் புருவத்தில் நூலை ஓட்டிக்கொண்டே நிமிர்ந்தாள். பல்லில் நூலைக் கடித்திருந்ததால் பேச முடியவில்லை. கண்ணால் பெஞ்சைக் காட்டினாள். உட்கார்ந்தேன்.

அந்தப் பெண் போனதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் நின்றாள். நான் ஆரம்பிக்கும்முன் அவளே பேசினாள்.

"மேடம் எல்லாம் சொன்னாங்க. டாக்டர் பாவம் லா."

"நான் உங்கிட்ட மன்னிப்பு கேக்கணும்."

"கேக்கத்தானே வந்தீங்க, தெரியும்." நூல்கண்டை விரலில் சுற்றினாள். "ஒன்னரை வருசம் கூட உக்காந்து சாப்பிட்டோம் அக்கா. எங்க போறேன்னு ஒரு வார்த்த அழுத்திக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். பின்னால வந்து பாத்தீங்களே, அதான் வலிக்குது. மாத்திரை விசயம்கூட எனக்குப் பெருசில்ல."

"தப்புத்தான்."

"தப்புத்தான்," என்று அவளும் சொன்னாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. அதை எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.

கதவு திறந்தது. தாயும் மகளுமாக இருவர் வந்தார்கள். அவள் அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஞாயித்துக்கெழம பாலத்துல ஜாம் ஆயிடும். நாலு மணிக்கு முன்னால கெளம்பிடுங்க."

சரி என்று எழுந்தேன். அவள் தாயை நாற்காலியில் சாய்த்து, நெற்றியில் பவுடர் போட ஆரம்பித்துவிட்டாள். வெளியே வந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். பாலத்துக்கு முன்னால் குடிநுழைவுச் சோதனையில் வரிசை ஏற்கனவே படிக்கட்டு வரை வந்திருந்தது. ஒன்றரை மணி நேரம் நின்றேன்.